அஞ்சு கட்டமும் வரிசை நோட்டும்

அன்னைக்குக் காலையில ஷெட்டுல இருந்தவங்க இவங்கதான்.

ராஜமாணிக்கம். உடையார்பாளையத்துக்காரன். முந்திரித் தோப்பு இருக்கு, லாரியும் ஓட்டுறான். எனக்கு இருவது வருஷப் பழக்கம்.

காதர் பாய். எங்க எல்லாருக்கும் மூத்தவரு. கண்ணாடி இல்லாம படிக்க மாட்டாரு, கண்ணாடி இல்லாம ஓட்டுவாரு.

செந்துறை அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பெரியவன் கலியபெருமாள். சின்னவன் கொளஞ்சி.

வேலு. தூக்கத்துலயும் பேசுவான்.

குமார். சூப்பர்வைசரோட மச்சான்.

சூப்பர்வைசர் சரவணன். கான்ட்ராக்டரோட ஆளு. எந்த வண்டிக்கு எத்தனை டிரிப்புன்னு எழுதுறவரு. இன்ஜினியரிங் படிச்சவரு.

செல்வி. ஷெட்டு ஓரத்துல டீ போடுது.

ஒம்பதாவது ஆளு நான். துரைக்கண்ணு. ஆறாவது வரைக்கும் படிச்சவன்.

என் போன் செல்வி கையில இருந்துச்சு. என் கை ரெண்டையும் பெஞ்சு மேல வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். திருடன் இல்லைன்னு காட்டுறதுக்காக நான் உக்காந்த காலை அது.

போன வாரம் டயர் வெடிச்சதைப் பத்தி இங்க எழுதியிருந்தேன். அதுல ஒரு வரியில, தினம் போன்ல வார்த்தை கண்டுபிடிக்கிறதைச் சொல்லியிருந்தேன். அதைப் படிச்சிட்டு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ‘எனக்கு ஆறு தடவையிலயும் வர மாட்டேங்குது, வழி சொல்லுங்க’ன்னு. சொல்றேன். ஆனா வழியை மட்டும் தனியா எடுத்துச் சொல்ல முடியல. கூடவே அந்தக் காலைக் கதையும் வருது.

நோட்டு

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. பேரு வேண்டாம். அதுக்குள்ள வண்டி போகணும்னா கேட்டுக்கு வெளியில, டிரைவருங்க ஷெட்டுல காத்துக் கிடக்கணும். சில நாள் அரை நாள். சில நாள் முழு நாள்.

வெளியில யாரு முதல்ல வந்தா, யாரு பின்னால வந்தான்னு கேட்டுக்காரங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டாங்க. அதனால டிரைவருங்க நாங்களே ஒரு நோட்டு போட்டோம். வந்ததும் வண்டி நம்பரை எழுதிடணும். அப்புறம் தூங்கலாம், குளிக்கலாம், ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ்ல போயிட்டுக்கூட வரலாம். முறை வந்ததும் நோட்டுக்காரன் நம்பரைக் கூப்பிடுவான்.

அந்த நோட்டு என் கையில இருந்துச்சு. பல வருஷமா.

அதுல ஒரு நம்பரை மேல தூக்கி எழுதினா, கீழ இருக்குறவனுக்கு அன்னைக்கு ஒரு டிரிப்பு போச்சு. என்கிட்ட கெஞ்சினவங்க உண்டு. சாராயம் நீட்டினவங்க உண்டு. என் தம்பி வண்டி ஒரு நாள் வரிசையில நின்னுச்சு, அவன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. அப்பவும் நான் நம்பரை மாத்தல. முன்னால இருந்த பதினாலு பேரையும் எழுப்பி ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டேன். பதினாலு பேரும் சரின்ன பிறகுதான் அவன் வண்டி போச்சு.

அப்படி வெச்சிருந்த நோட்டு.

விளையாட்டு

பொண்ணு பெரம்பலூர்ல துணிக்கடையில வேலை செய்யுது. அதுதான் போன்ல ஏத்திக் குடுத்துச்சு. ‘சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு இதைப் போடுப்பா’ன்னுச்சு.

தினம் காலையில ஆறு மணிக்குப் புது வார்த்தை வரும். அஞ்சு எழுத்து. அஞ்சு கட்டம். ஆறு தடவைக்குள்ள கண்டுபிடிக்கணும். நாம ஒரு வார்த்தையைப் போட்டா கட்டம் நிறம் மாறும்.

பச்சைன்னா அதே எழுத்து, அதே இடம்.

மஞ்சள்னா அந்த எழுத்தோட குடும்பம் வார்த்தைக்குள்ள இருக்கு. ஆனா இடம் வேற, இல்லாட்டி உருவம் வேற. த, தா, தி, து, த் எல்லாம் ஒரு குடும்பம்.

கறுப்புன்னா அந்தக் குடும்பமே இல்லை.

அவ்வளவுதான். ஷெட்டுல எல்லாரும் போட ஆரம்பிச்சாங்க. எத்தனாவது தடவையில போட்டோம்னு ஷெட்டு வாட்ஸ்அப் குரூப்புல போடுறது பழக்கமாச்சு.

சுண்ணாம்புன்னு தொடங்காதீங்க

எங்க ஷெட்டுல எல்லாரும் முதல் வார்த்தையா ‘சுண்ணாம்பு’தான் போடுவாங்க. ஏத்துறது சுண்ணாம்புக்கல்லு. மூக்குல ஏறுறது சுண்ணாம்பு. சோத்துல இருக்குறது சுண்ணாம்பு. கை தானாப் போயிடும்.

தப்பு. சு, ண், ணா, ம், பு. ண குடும்பம் ரெண்டு தடவை வருது. அஞ்சு கட்டம் இருக்கு, நீங்க கேக்குறது நாலு குடும்பத்தை. ஒரு கட்டம் வீண். முதல் வார்த்தையில அஞ்சு கட்டத்துக்கும் அஞ்சு வேற வேற குடும்பம் இருக்கணும்.

எங்க ஊரு பெரம்பலூர் பக்கம். சின்ன வெங்காயம் போடுற மண்ணு. நான் ‘வெங்காயம்’னு தொடங்குவேன். வெ, ங், கா, ய, ம். அஞ்சும் வேற.

வேலு சிரிப்பான். “மாமா, வெங்காயத்தை உரிச்சா உள்ள ஒண்ணுமே இருக்காது மாமா.”

“உரிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரும்டா”ன்னு சொல்லிட்டுப் போட்டுடுவேன்.

ரெண்டாவது வார்த்தை ‘சந்திரன்’. ச, ந், தி, ர, ன். முதல் வார்த்தையில இருந்த குடும்பம் ஒண்ணுகூட இதுல இல்லை. ரெண்டு வார்த்தையில பத்துக் குடும்பத்தோட கதவைத் தட்டியாச்சு. யாரு வீட்ல இருக்கா, யாரு இல்லைன்னு தெரிஞ்சிடும்.

கறுப்பு விழுந்தா வருத்தப்படாதீங்க. கறுப்பும் சேதிதான். ஆனா கறுப்பு விழுந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடாதீங்க. கலியபெருமாள் அப்படித்தான் போடுவான். ‘இருக்கும்ணே, ஒரு தடவை பார்ப்போம்’பான். இல்லைன்னு சொன்ன வீட்டுக்கே மறுபடி பொண்ணு கேட்டுப் போறவன் மாதிரி.

தலையும் வாலும்

புள்ளி வெச்ச எழுத்துல வார்த்தை தொடங்காது. க், ச், ட், த், ப் இதுல முடியாது. ம், ன், ல், ர், ள் இதுல நிறைய முடியும். இல்லாட்டி து, பு, டு.

அதனால முதல்ல வாலைப் பிடிங்க. வால் கிடைச்சா மாடு கிடைச்ச மாதிரி.

நடுவுல புள்ளி எழுத்து வந்தா அது தனியா வராது. ங் வந்தா பின்னால க வரும். ந் வந்தா த வரும். ப் வந்தா ப வரும். டிராக்டர் போனா பின்னாடி டிரெய்லர் போற மாதிரி. ஒண்ணைப் பார்த்தா அடுத்த கட்டத்தையும் எழுதிக்கலாம்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல. இலக்கணத்துல இருக்குன்னு பொண்ணு சொல்லுச்சு. இருக்கட்டும். நான் பார்த்தது ரோட்டுல.

நான் ஆறாவதுல நின்னவன். அதுக்கப்புறம் படிச்சதெல்லாம் பஸ் போர்டு, லாரி முதுகு, கடைப் பலகை. இன்னைக்கும் வேகமாப் படிக்க வராது. உ, டை, யா, ர், பா, ளை, ய, ம்னு ஒவ்வொண்ணாத்தான் வரும். படிச்சவங்க வார்த்தையை முழுசா முழுங்கிடுறாங்க. உள்ள என்ன எழுத்து இருந்துச்சுன்னு கேட்டா யோசிக்கிறாங்க. நான் ஒவ்வொரு எழுத்தாக் கடிச்சுத்தான் தின்னுருக்கேன்.

அதனால இந்த விளையாட்டு எனக்கு வந்துச்சு. இவ்வளவுதான் ரகசியம்.

மை டப்பா

ஒரு ஆபீஸுக்குக் கையெழுத்துப் போடப் போனேன். எப்பவோ. உள்ள இருந்தவரு என் சட்டையைப் பார்த்தாரு. கேக்காமலே மை டப்பாவை என் பக்கம் தள்ளினாரு.

“சார், எனக்கு எழுத வரும்.”

“சீக்கிரம் ஆவும்ல, அதுக்குத்தான் சொன்னேன்”னாரு.

பேனாவை வாங்கினேன். து, ரை, க், க, ண், ணு. ஆறு எழுத்து. முடிக்கிறதுக்குள்ள அவரு ரெண்டு தடவை கொட்டாவி விட்டாரு.

மெதுவாப் படிக்கிறேன்னு சிரிச்சவங்க இருக்காங்க. அதைப் பொறுத்துக்கிட்டேன். அதே மெதுவான படிப்பு ஒரு விளையாட்டுல கைகுடுத்துச்சு. உடனே திருட்டுன்னாங்க. இதைப் பொறுக்க முடியல.

சந்தனம்

ஒரு நாள் வழக்கம்போல ‘வெங்காயம்’ போட்டேன். கடைசி ம் பச்சை. மத்த நாலும் கறுப்பு.

வால் கிடைச்சாச்சு. ‘சந்திரன்’ போட்டா வால் வீணாகும். அதே ச, ந், த, ன குடும்பத்தை வெச்சு ம்-ல முடியுற மாதிரி ஒண்ணு வேணும். ‘சந்தனம்’னு போட்டேன். அஞ்சும் பச்சை.

அது அதிர்ஷ்டம். நான் இல்லைங்கல. ஆனா வலை போட்டவனுக்குத்தான் அதிர்ஷ்டமும் மாட்டும்.

அன்னைக்கு சூப்பர்வைசருக்கு ஆறு தடவையிலயும் வரல. குரூப்புல எழுதினாரு. ‘ஆறாங்கிளாஸ் துரைக்கண்ணு அண்ணன் ரெண்டாவது தடவையிலயே போட்டுட்டாராம். விடை போடுற பேஜைப் பார்த்துப் போடுறது ஒரு பொழப்பா?’

கீழ நாலு பேரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாங்க.

நான் பதில் எழுதுறதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு.

‘நோட்டுலயும் இப்படித்தானா?’

அதுக்கு யாரும் சிரிக்கல.

ஒண்ணு சொல்றேன். தினம் காலையில குரூப்புல ‘இன்றைய குறிப்பு’ன்னு போடுறவரே இந்த சூப்பர்வைசர்தான். ‘சமையல்கட்டில் இருக்கும்’, ‘கோயிலில் கிடைக்கும்’ அப்படின்னு. விடையைப் பார்க்காம ஒருத்தன் குறிப்பு எழுத முடியுமா? அந்தக் குறிப்பை எங்கேயிருந்து எடுத்தாருன்னு ஒருத்தனும் கேக்கல. அவரு படிச்சவரு.

படிச்சவன் ரெண்டுல போட்டா மூளை. நான் ரெண்டுல போட்டா திருட்டு.

சாயங்காலம் குமார் வந்தான். “அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நோட்டைக் கொஞ்ச நாளைக்கு நான் பார்த்துக்கிறேன். மச்சான் சொல்லச் சொன்னாரு.”

“நோட்டு உங்க மச்சான் குடுத்ததா?”

“இல்லண்ணே. ஆனா சந்தேகம்னு வந்துட்டா…”

ஷெட்டுக் கமிட்டின்னு ஆறு பேரு உண்டு. ராஜமாணிக்கம், பாய், அண்ணன் தம்பி ரெண்டு பேரு, வேலு, குமார். நோட்டு யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்றது அவங்கதான். பாய்தான் சொன்னாரு, நாளைக்குக் காலையில எல்லாரும் பார்க்க துரை போடட்டும், பார்த்துட்டுப் பேசுவோம்னு.

நான் சரின்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இப்பத் தெரியுது. நிரூபிக்க ஒத்துக்கிட்டா, குத்தத்துல பாதியை ஒத்துக்கிட்ட மாதிரி.

செல்வி கையில போன்

ஆறு மணி ஆச்சு. வெளியில வண்டி ஓரமா யாரோ பல்லு வெளக்கிட்டு இருந்தாங்க. டீ கொதிச்சுது. ஷெட்டுத் தகரத்துல ராத்திரி படிஞ்ச வெள்ளைத் தூசி.

“நான் சொல்றேன், செல்வி அழுத்தட்டும்”னேன்.

“மொதல்ல என்னண்ணே?”ன்னுச்சு செல்வி.

“வெங்காயம்.”

வேலு ஆரம்பிச்சான். “காலங்காத்தாலயே வெங்காயமா…”

“சும்மா இருடா”ன்னாரு பாய்.

அஞ்சும் கறுப்பு.

சூப்பர்வைசர் வாய்க்குள்ள சிரிச்சாரு. “பேஜ் இன்னும் அப்டேட் ஆவல போல.”

“சந்திரன்”னேன்.

தி மட்டும் மஞ்சள். மத்தது கறுப்பு.

பெஞ்சு மேல வெச்ச என் கை வேர்த்துச்சு. கை வேர்த்ததை அவங்க பார்த்துடக் கூடாதேன்னு இருந்துச்சு. தப்பு செஞ்சவன் மாதிரி. அதுதான் அன்னைக்கு என்னை ரொம்ப எரிச்சது.

பத்துக் குடும்பத்துல ஒம்பது வீட்ல இல்லை. த மட்டும் எங்கேயோ இருக்கு. மிச்சம் ப, ட, ல, ள, ழ, ற, ண. வால் ம் இல்லை. ன் இல்லை. ர் இல்லை.

ப-வும் ட-வும்தான் முதல்ல கேக்கணும். அதுங்க நிறைய வர்ற குடும்பம். பொண்ணு நெனப்பு வந்துச்சு. தோள்ல போட்டுக்கிட்டு கடைக்குக் கிளம்புறது.

“துப்பட்டா.”

கொளஞ்சி சிரிச்சுட்டான். அவன் அண்ணன் முறைச்சான்.

செல்வி அழுத்திட்டுப் படிச்சுச்சு. “து மஞ்சள். ப் மஞ்சள். ப-வும் மஞ்சள். மத்தது ரெண்டும் கறுப்பு.”

“முடிஞ்சுது”ன்னாரு சூப்பர்வைசர். “மூணு ஆச்சு. தினம் ரெண்டு மூணுல போடுறவரு.”

நான் அவரைப் பார்க்கல. வாய்விட்டே சொன்னேன். அவருக்காக இல்லை. பாய்க்காக.

“பாய், ப ரெண்டு தடவை மஞ்சள். அப்ப ரெண்டு ப இருக்கு. ப் இருந்தா ஒட்டி இன்னொரு ப இருக்கும். ரெண்டாவது கட்டத்துல ப் இல்லை, இருந்தா பச்சை விழுந்திருக்கும். அப்ப மூணு நாலு, இல்லாட்டி நாலு அஞ்சு.”

“சரி.”

“நாலு அஞ்சுன்னா ப்பு-ன்னு முடியணும். தேடிப் பார்த்தேன். இருக்குற எழுத்துல எனக்கு ஒண்ணும் வரல. மூணு நாலுன்னா, ப்-க்கு முன்னால ரெண்டாவது கட்டத்துல என்ன? இன்னொரு புள்ளி எழுத்து வந்தா அது ய், ர், ழ் மூணுல ஒண்ணு. ய் போச்சு. ர் போச்சு.”

“ழ்”னாரு பாய். கண்ணாடியைக் கழட்டிட்டாரு.

“தலையில த குடும்பம். து இல்லை. வால் ல் இல்லாட்டி ள்.”

எனக்கு எழுத்து எழுத்தாத்தான் வரும். அப்படியே சொன்னேன்.

“தா. ழ். ப். பா. ள்.”

செல்வி அழுத்துச்சு. போனைத் திருப்பி எல்லாருக்கும் காட்டுச்சு. அஞ்சும் பச்சை.

வேலு எழுந்துட்டான். “யோவ் மாமா! எனக்கு ராத்திரி பூட்டுற கதவு ஞாபகம் வரலையே!”

“ஒன் வூட்டுக்குக் கதவு இருக்கா மொதல்ல?”ன்னான் கொளஞ்சி.

ராஜமாணிக்கம் என் முதுகுல தட்டினான். “போட்டுட்டடா மாப்ள.”

கை

நான் கையை பெஞ்சு மேலேருந்து எடுத்தேன். சூப்பர்வைசர் எழுந்தாரு.

“நாலு”ன்னாரு.

“என்ன சார்?”

“நாலாவது தடவை. குரூப்புல போடுறது ரெண்டு, மூணு. போன் இன்னொருத்தர் கையில இருந்தா நாலு. கணக்கு சரியாத்தானே இருக்கு?”

தப்பா சொல்லியிருந்தா திருடன். சரியா சொன்னேன், அப்பவும் திருடன். அவரு மேல கோவம் வந்துச்சு. அதைவிட, அந்தப் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருந்தவங்க மேல வந்துச்சு.

செல்விதான் கேட்டுச்சு. “சார், நீங்க இன்னைக்கு எத்தனாவதுல போட்டீங்க?”

“எனக்கு இங்க சிக்னல் இல்ல.”

“அண்ணன் போனுக்கு இருக்கே. இந்தாங்க, நாளைக்கு இதுலயே போடுங்க. நான் புடிச்சுக்கிறேன்.”

“நீ டீயைப் பாரும்மா.”

சூப்பர்வைசர் டிரிப்பு எழுதுற அட்டையைக் கையில எடுத்தாரு. சும்மா புரட்டினாரு. எல்லாரும் அந்த அட்டையைப் பார்த்தாங்க.

“உங்க கமிட்டி, உங்க நோட்டு. எனக்கு ஒண்ணுமில்ல”ன்னாரு. “நான் சும்மா நிக்கிறேன்.”

போகல. நின்னாரு.

பாய் கேட்டாரு. “நோட்டு துரைகிட்டயே இருக்கட்டும்னு நெனக்கிறவங்க கையத் தூக்குங்க. ஆறு பேருல நாலு கை வேணும்.” சொல்லிட்டு அவரு கையை முதல்ல தூக்கினாரு.

“அல்லா அறிய, இந்த மனுஷன் ஒரு நம்பரைக்கூட மாத்தினது இல்ல”ன்னாரு.

வேலு ரெண்டு கையையும் தூக்கினான். “ஒண்ணைக் கீழ போடுடா”ன்னாரு பாய். போட்டான்.

கொளஞ்சி தூக்கினான். அவன் அண்ணன் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். கொளஞ்சி கையை எறக்கல. அண்ணன் தன் கையை மடியிலயே வெச்சிருந்தான்.

குமாரைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை.

செல்வி கரண்டியோட கையைத் தூக்குச்சு.

“உனக்கு ஏதுக்கா வண்டி?”ன்னான் குமார்.

“வண்டி இல்லாட்டி கண்ணு இல்லையா? போனை நாந்தானே புடிச்சிருந்தேன்?”

“கமிட்டி ஆறு பேருதான்.”

அதைச் சேர்க்கல.

ராஜமாணிக்கம் குனிஞ்சு செருப்பு வாரைச் சரிபண்ணிட்டு இருந்தான். அவன் பெரிய மவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். டிரிப்பு வேணும். தெரியும். தெரியாதுன்னு சொல்லல. வார் சரியாத்தான் இருந்துச்சு. இருந்தும் சரிபண்ணிக்கிட்டே இருந்தான். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அது செருப்பை விட்டு வரல.

பாய் என்னைப் பார்த்து, “எண்ணுப்பா”ன்னாரு.

எண்ணினேன்.

மூணு.